எக்செல் ஷீட்டும் குப்பம்மாளும்

டேய் ராசா, அம்மாடி மருமவளே, ரெண்டு பேரும் கிட்டக்கிட்ட உக்காந்து இத்தப் படிங்க. போன்ல பேசினா நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீங்க ஒம்போது வார்த்தை குறுக்க வுடுறீங்க. அதுவும் பகல் பதினோரு மணிக்கு அளத்துல நின்னுக்கிட்டு வீடியோ காலை எடுத்தா, உப்புக் குவியல்ல பட்டு எகிர்ற வெயில்ல உன் மூஞ்சி எது, உன் பொண்டாட்டி மூஞ்சி எதுன்னு மட்டுப்படல. பனைமரத்தடிக்குப் போயி, துண்டை முக்காடு போட்டு, உள்ளாற போனை வெச்சுத்தான் பேத்தி மொகத்தைப் பாத்தன். மூக்கு எங்கம்மா மூக்கு. சந்தேகமே இல்ல. அந்த மூக்குக்குத்தான் பத்தொம்போது நாளா பேர் இல்ல.

அதனால பக்கத்து வூட்டுப் பையனை உக்கார வெச்சு, நான் சொல்லச் சொல்ல எழுத வெச்சு அனுப்புறன். காலேஜ் படிக்கிற புள்ள. நான் வையறதுல பாதியை முழுங்கிடுவான். மீதி உங்களுக்கு.

மருமவளே, நீ அனுப்பின எக்செல் ஷீட்டு வந்துச்சு. ஈ.சி.ஆர். ரோட்டு ஜெராக்ஸ் கடையில குடுத்து எடுத்தன். ஆறு பக்கம். நாப்பத்தோரு பேரு நெட்டுக்க, பதினோரு நாடு குறுக்க. சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் வேற. கடைக்காரப் பையன் "தாத்தா, உப்பு ஸ்டாக் கணக்கா?"ன்னு கேட்டான். "ஆமாண்டா, ஏற்றுமதி"ன்னேன். பொய்யில்லையே.

ஒரு மாசத்துக்குள்ள பேர் சொல்லணும்னு உங்க ஜெர்மன்காரன் சட்டம் போட்டிருக்கானாமே. நல்ல சட்டம். நம்ம ஊர்ல பொறந்த இருவத்தோரு நாளுக்குள்ள பதிவு பண்ணிட்டா போதும், பேரை ஒரு வருஷம் வரைக்கும் காசில்லாம சேத்துக்கலாம். தாமதக் கட்டணம் கட்டினா பதினஞ்சு வருஷம். பதினஞ்சு வருஷம்டா! பொண்ணு பத்தாவது பரிட்சைக்குப் போற வரைக்கும் யோசிக்கலாம். அவ்ளோ யோசிச்சு வெச்ச பேருங்களோட லட்சணத்தை நம்ம தெருவுல நெதம் கேக்குறன். கூப்புட்டா பூனை தும்மின மாதிரி இருக்குது. ஷ்ஷுன்னு ஆரம்பிச்சு ஸ்ஸுன்னு முடியுது. கோழி தொரத்துறாங்களா, கொழந்தையைக் கூப்புடுறாங்களான்னு திண்ணையில உக்காந்தவனுக்குத் தெரியறதில்ல.

சரி, ஷீட்டுக்கு வர்றன்.

மொதப் பேரு ஆர்யா. இதுக்கு ஜெர்மனிக் கட்டத்துல நீயே சிவப்பு அடிச்சிட்ட. ஆரிய ரத்தம்னு சொல்லிக்கிட்டு இட்லர் பண்ணின அட்டூழியம் அந்த மண்ணுல இன்னும் ஆறல. சரி. ஆனா தமிழ்நாட்டுக் கட்டத்துல ஏன் பச்சை? பெரியாரு காலத்துலருந்து இந்த ஊர் மேடையில ஆரியன்னா இன்னா அர்த்தம்னு உங்கொப்பனுக்குத் தெரியாதா? கழகத்துக் கொடிக்கம்பத்துக்கு எதுத்தாப்ல வூட்டை வெச்சுக்கிட்டு "ஆர்யா, சாப்புட வா"ன்னு கூப்புட்டா, நாலு பேரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வருவான். மூணாவதா ஒரு கட்டம் வுட்டுப்போச்சு. நம்ம சினிமாவுல ஆர்யா மீசை வெச்ச கதாநாயகன். மலையாளத்துப் பக்கம் போனா ஆர்யான்னு ஒரு பொண்ணு 2020-ல இருவத்தோரு வயசுல திருவனந்தபுரத்துக்கு மேயராச்சு. இத்தினி கலரை ஒரே கட்டத்துல எப்புடி அடிப்ப?

அடுத்தது ஸ்வஸ்திகா. நம்ம மளிகைக் கடைக் கல்லாவுல மஞ்சள்ல போடுற சின்னம். அங்க ஜெர்மனியில அந்தக் கோணல் சிலுவையை செவுத்துல கிறுக்கினாக்கூட போலீஸ் கேஸு. கனடாவுல ஒண்டாரியோ பக்கம் ஸ்வஸ்திகான்னு ஒரு சின்ன ஊரே இருக்குதாம். சண்டைக் காலத்துல கவருமெண்டு அத்த மாத்தி வின்ஸ்டன்னு, சர்ச்சில் பேரை வெக்கப் பாத்துச்சு. ஊர்க்காரனுங்க ஒத்துக்கல. பேரு எங்களுது, இட்லரு பிற்பாடு வந்தவன்னு பலகையைத் திருப்பி நட்டுட்டானுங்க. ஆம்பளைங்க! ஆனா அது ஊருடா. ஊருக்குப் பள்ளிக்கூடம் போற வேலை இல்ல. ரெண்டாங்கிளாஸ் பொட்டப்புள்ளைய நாலாயிரம் வருஷத்துச் சரித்திரத்துக்கு வக்கீலா அனுப்ப முடியுமா?

ரக்ஷிதா, தர்ஷிதா, ஹர்ஷிதா. மூணும் உன் தங்கச்சி சொன்ன பேருன்னு ஓரத்துல குறிச்சிருக்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அத்த இங்கிலீஷ்ல எழுதி நடுவுல பாரு. எஸ்ஸு, எச்சு, ஐயி, டீ. எங்க எருக்குழி சமாச்சாரம் நாலு எழுத்துல கெடக்குது. காசு குடுத்து ஜோசியரைப் பாத்து, கூட்டு எண் பாத்து, நடுவுல போயி அத்த வெப்பாங்களா?

ஜோசியரும்தான் இன்னா பண்ணுவாரு. கொழந்தை பொறந்தது திருவாதிரை நட்சத்திரம். அதுக்கு எழுத்து கு, க, ங, ச. நல்லா கேட்டுக்க, ங. ஆத்திசூடியில 'ஙப் போல் வளை'ன்னு படிச்சதோட சரி, அந்த எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு மனுசனை இந்த எழுவத்திரெண்டு வயசுல நான் பாத்ததில்ல. வியட்நாமுக்குப் போனா பாக்கலாம். அங்க தெருவுல கல்லு வுட்டா ங்குயென் தலையிலதான் வுழும், ஊர்லயே அதிகம் பேருக்கு அந்தக் குடும்பப் பேருதான். சைகோனுக்குப் பொழைக்கப் போயிருந்த பாண்டிச்சேரிக்காரனுங்க வந்து சொல்லுவானுங்க. நம்ம பஞ்சாங்கத்து எழுத்து அந்த ஊர்ல வூட்டுக்கு வூடு குடியிருக்குது, இங்க திருவாதிரைக்காரன் ஒவ்வொருத்தனும் அத்தத் தாண்டிக் குதிச்சு 'ச'வுல போயி வுழுறான்.

அந்த ஷீட்டுல எனக்குப் புடிச்ச பக்கம் நாலாம் பக்கம். எங்க காலத்துப் பேருங்கள ஒண்ணு வுடாம எடுத்துப்போட்டு எல்லாத்தையும் அசிங்கம் பண்ணி வெச்சிருக்க. மாலான்னா ஸ்பெயின் பாஷையில கெட்டவ. லதான்னா தகர டப்பா. மீரான்னா 'இங்க பாரு'. உமான்னா போர்ச்சுகல்காரனுக்கு 'ஒண்ணு'. அதுவாச்சும் பரவால்ல. ஜெர்மன்காரன் கெழவிய ஓமான்னு கூப்புடுவானாமே. தொட்டில்ல கெடக்குற புள்ளைய "வாடி கெழவி"ன்னு கூப்புட்ட மாதிரி ஆயிடும்னு எழுதியிருக்க. ஏம்மா, நாம செல்லமா அப்புடித்தானே கூப்புடுறோம்? கனின்னா ஜப்பான்காரனுக்கு நண்டாம். சிவப்பு அடிச்சிருக்க. கழுவெளி நண்டு தின்னு வளந்த வூட்டுல நண்டுக்குச் சிவப்பா? வெந்தாத்தாண்டி அது சிவப்பு.

மணிங்கிற பேருக்கு மலாய்லயும் அரபியிலயும் ஒரு அர்த்தம் போட்டிருக்க பாரு, அத்த எழுதுற பையன்கிட்ட நான் சொல்ல மாட்டன். உங்கத்தை பக்கத்துல முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கா. நம்ம தெருவுலருந்து கல்ஃபுக்குப் போன மணிங்க மூணு பேரு. அங்க கூப்புடும்போதெல்லாம் எதுக்குச் சிரிக்கிறானுங்கன்னு தெரியாமலே ரிட்டையர் ஆயி வந்து மாடி வூடு கட்டிக்கிட்டு இருக்கானுங்க. தெரிஞ்சிருந்தா பாதி நாள்ல ஓடியாந்திருப்பானுங்க, மாடி இருந்திருக்காது.

கமலாவுக்கு நீ வெச்ச சிவப்பைத்தான் என்னால தாங்க முடியல. தாமரை. லட்சுமி உக்கார்ற பூ. அது பின்லாந்து பாஷையில 'படுபயங்கரம், சகிக்கல'ன்னு அர்த்தமாம். இருக்கட்டும். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம்னு ஒரு ஊரு. அந்த ஊர் கோபாலனோட மவ சியாமளா படிக்க அமெரிக்கா போனா. 1964-ல பொறந்த பொண்ணுக்குக் கமலான்னு பேர் வெச்சா. அந்தப் பேரை அமெரிக்காக்காரன் வாய் படுத்தின பாடு இருக்கே! 2020 தேர்தல்ல செனட்டர் ஒருத்தரு மேடை ஏறி கமலா-மலா-மலான்னு இழுத்து நக்கல் பண்ணினாரு. அந்தம்மா 2021 ஜனவரியில துணை ஜனாதிபதியாப் பதவி ஏத்துக்கிச்சு. துளசேந்திரபுரத்துல பட்டாசு வெடிச்சாங்க. பின்லாந்துப் பேப்பர்காரன் அன்னிக்கு என்ன பண்ணியிருப்பான்னு யோசிச்சு யோசிச்சு சிரிச்சன். 'பயங்கரம்' துணை ஜனாதிபதி ஆச்சுன்னு போட முடியுமா? வாயை மூடிக்கிட்டுப் போட்டிருப்பான். நம்ம ஊர்லயே கமலாவுக்கு வேற தொல்லை. தாமரைன்னா இந்தக் கட்சியான்னு ஒருத்தன் கேப்பான், கமலா ஆரஞ்சு கிலோ எவ்ளோன்னு இன்னொருத்தன் கேப்பான்.

மலேசியாக் கட்டத்தையும் பாத்தன். 2006-ல அங்க பதிவு ஆபீஸு, இன்னின்ன பேரெல்லாம் வெக்காதீங்கன்னு ஒரு பட்டியல் போட்டுது. மிருகம், பூச்சி, பழம், காய், கலர், நம்பரு எதுவும் கூடாது. இட்லரும் கூடாது. அந்த வரிசையில நம்ம கருப்புசாமியும் இருந்துச்சுன்னு பேப்பர்ல வந்துது. கருப்புங்கிறது கலராம். அருவா புடிச்சு ஊர் எல்லையில நின்னுக்கிட்டு இருக்குற சாமிய இட்லரோட ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுட்டான். ஆபீஸர் கனவுல கருப்பு போச்சா இல்லையான்னு தெரியல.

நிகிதாவுக்கு மஞ்சள். ருஷ்யாவுல அது ஆம்பளப் பேரு, சரிதான். குருஷேவ் பேரே நிகிதாதான். மொட்டத்தலை, தொப்பை. நம்ம ஊர்ல நிகிதான்னா ரெட்டைச்சடை, ரிப்பன். அந்த நிகிதா திட்டித் தீத்தது ஸ்டாலினை. இதுல ஒரு கூத்து இருக்குது. 1953 மார்ச் 1-ஆந் தேதி கருணாநிதி வூட்டுல ஆம்பளப் புள்ள. அய்யாதுரைன்னு வெக்கலாம்னு நெனச்சிருந்தாரு. பெரியாருக்கு அய்யா, அண்ணாதுரைக்குத் துரை. 5-ஆந் தேதி மாஸ்கோவுல ஸ்டாலின் செத்தாரு. இவரு இரங்கல் கூட்டத்துல பேசப் போனவரு, அங்கியே புள்ளைக்கு ஸ்டாலின்னு வெச்சுட்டாரு. மூணு வருஷம் போவல, 1956-ல குருஷேவ் ஸ்டாலினைத் தோண்டித் துருவிட்டாரு. 1961-ல ஸ்டாலின்கிராடுங்கிற ஊர்ப் பேரையே பேத்து வோல்கோகிராடு ஆக்கிட்டாங்க. பொறந்த எடத்துல செத்துப்போன பேரு, நம்ம ஊர்ல சைக்கிள் பழகி, எம்.எல்.ஏ. ஆயி, மேயர் ஆயி, 2021-ல முதலமைச்சரும் ஆயிடுச்சு. அந்தத் தேதியில ஒரு எக்செல் ஷீட்டு இருந்திருந்தா பச்சை அடிச்சிருப்பியா, சிவப்பா? எந்த வருஷத்துக் கட்டத்துல?

கிரண்ங்கிற பேரைத் தள்ளிட்ட. 'ஆணா பெண்ணா தெரியல, ஜெர்மனியில பதிய மாட்டாங்க'ன்னு எழுதியிருக்க. இதுல மட்டும் நான் உன்னைப் புடிச்சுட்டன். அதே ஜெர்மனியில, இந்திய வம்சத்துல வந்த ஒரு குடும்பம் பொட்டப்புள்ளைக்குக் கிரண்னு வெச்சுது. ஆபீஸர் முடியாதுன்னுட்டான், ஆணா பொண்ணான்னு காட்டுற இன்னொரு பேரு சேருன்னான். விடாம உச்சியில இருக்குற கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 2008 டிசம்பர்ல தீர்ப்பு. பேரு ஆணா பொண்ணான்னு காட்டித்தான் ஆவணும்னு ஒரு சட்டமும் இல்ல, கொழந்தைக்குக் கெடுதல் இல்லாத வரைக்கும் பெத்தவங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க. அந்த ஆபீஸரு ஒரு நடை பாண்டிச்சேரிக்கு வந்திருந்தா செலவு மிச்சம். அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் கொறச்சலா கவர்னர் மாளிகையில இருந்ததே கிரண்தான், கிரண் பேடி. அந்தம்மா ஆணா பெண்ணான்னு யாருக்கும் சந்தேகம் வரல. முதலமைச்சருக்குத் தூக்கம் வந்துதான்னுதான் கேள்வி.

இம்மாம் பேர் தெரியுதே கெழவனுக்குன்னு வாயைப் பொளக்காத. ஷீட்டு உன்னுது, டீக்கடைப் பேப்பர் ஓசி.

இனிமே ராசா, உன்கிட்ட பேசுறன். மருமவ கொஞ்சம் எந்திரிச்சுப் போயி புள்ளைக்குப் பால் குடுக்கட்டும்.

உங்க ஷீட்டுல நாப்பத்தோரு பேர் இருக்குது. அதுக்குப் பின்னால ஒட்டப்போற பேரு எங்கியும் இல்ல. ஏன்னு எனக்குத் தெரியும். நீ பாஸ்போர்ட்டு எடுக்கச்சொல்ல இனிஷியலை விரிச்சு எழுதுன்னான். ஒத்தப் பேரோட போனா எவனும் உள்ள வுட மாட்டேங்கிறான். அமெரிக்காக்காரன் விசாவுல எஃப்.என்.யூ.ன்னு அடிக்கிறான், 'மொதப் பேரு தெரியல'ன்னு அர்த்தமாம். துபாய்க்காரன் 2022 நவம்பர்லருந்து ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டைச் சுற்றுலா விசாவுக்கு ஏத்துக்க மாட்டேன்னுட்டான். அதனால என் பேரு உன் குடும்பப் பேராச்சு. இப்ப அது உன் பொண்ணுக்கும் போவுது. மூணு தலைமுறைக்கு முத்திரை.

நம்ம பக்கம் சந்தையில நின்னு 'பாவாடை'ன்னு ஒரு சத்தம் குடு. நாலு பேராச்சும் திரும்பிப் பாப்பான், அதுல நான் ஒருத்தன். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவல் நிக்கிறது பாவாடைராயன். வேண்டிக்கிட்டுப் பொறந்த புள்ளைக்கு அந்தப் பேரு. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வரைக்கும் அது சாமி. மதுரவாயல் தாண்டினா அது துணி. இருபது வருஷத்துக்கு முன்ன உன்னைச் சென்னையில காலேஜ்ல சேத்தப்போ, வருகைப் பதிவுல அப்பன் பேரைப் படிச்சதும் வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுதுன்னு நீ உங்கம்மாகிட்ட அழுதது எனக்குத் தெரியாதுன்னு நெனக்காத. சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தன். மறுநாள்லருந்து 'பி'ன்னு ஒத்தை எழுத்தோட நிறுத்திக்கிட்ட. நானும் கேக்கல. இதுக்கு எக்செல் ஷீட்டுல பதினோரு நாடு தேவையில்ல பாரு, நூத்தி இருவது கிலோமீட்டர்தான்.

அந்தத் துணிக்கே அர்த்தம் தெரியாமத்தான் சிரிச்சானுங்க. பாவுற ஆடை பாவாடை. சாமி ஊர்வலம் வர்ற தெருவுல, பெரிய மனுசன் நடந்து வர்ற வழியில கீழ விரிக்கிற துணிக்கு அதான் பேரு. நடைபாவாடை. இன்னிக்கு மந்திரிங்களுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறான்ல, அத்தத்தான் உங்கொப்பன் பேரா வெச்சிருக்கான். அம்மனுக்கு முன்னால துணி விரிச்சுச் சோத்தைக் குவிச்சுப் படைக்கிறதுக்கும் பாவாடைன்னுதான் பேரு. பொம்பளைங்க கட்டுறது அப்பறம்.

உங்க ஆபீஸ்ல ஒருத்தன் "ஹெர் பாவாடை, பாடகர் பாவரோட்டிக்குச் சொந்தமா?"ன்னு கேட்டானாமே. உங்கம்மா சொன்னா. 'ஆமா, பங்காளி'ன்னு சொல்ல வேண்டியதுதானடா! ஜெர்மன்காரனுக்கு அது சாமியும் இல்ல, துணியும் இல்ல. வெறும் சத்தம். என் ஆயுசுல என் பேரு சிரிப்பு வராம ஒலிக்கிற மொத ஊரு அதுதான். அங்க போயும் அத்த மறைக்கிறதுக்குப் பளபளன்னு ஒரு மொதப் பேரு தேடுற. ஒரே ஒரு எடத்துல ஜாக்கிரதை. ஹாம் ஊர்ல காமாட்சி அம்பாள் கோயிலு இருக்குதே, 2002-ல கும்பாபிசேகம் பண்ணினது, அங்க அர்ச்சனைக்குப் போனா நட்சத்திரத்தை மட்டும் சொல்லு. யாழ்ப்பாணத்துச் சனம் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறது பாவம்.

பேரைத் தானே தேடி எடுத்துக்கிட்டவனுங்க கதையும் நமக்குப் பக்கத்துலதான். பாண்டிச்சேரியில பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீலு. 1873-ல பூட்ஸ் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வரக்கூடாது, தமிழன்னா செருப்பைக் கழட்டிட்டு வான்னான் பிரெஞ்சுக்காரன். மனுசன் பாரீஸ் வரைக்கும் வழக்குப் போட்டு ஜெயிச்சாரு. அப்பறம் 1881-ல ஒரு சட்டம் வந்துது. உங்க வழக்கத்தை விட்டுட்டா எங்க சட்டத்துல சேத்துக்கறோம், ஆனா குடும்பப் பேரு ஒண்ணு எடுத்துக்கணும்னாங்க. பொன்னுத்தம்பி எடுத்துக்கிட்ட பேரு லபோர்த். இன்னா அர்த்தம் தெரியுமா? கதவு. பிரெஞ்சுல கதவு. ஒரு வக்கீலு கதவுன்னு பேர் வெச்சுக்கிட்டு மரியாதையா வாழ்ந்து செத்திருக்காரு. விரிப்புன்னு இருக்க உனக்கு இன்னாடா கொறச்சல்?

நாம நிக்கிற மண்ணோட பேரே நாலு வாயில பொரண்டு வந்ததுதான். எயிற்பட்டினம்னு சங்கப் பாட்டுல இருக்குற ஊரு நம்ம மரக்காணம்தான்னு படிச்சவங்க சொல்றாங்க. எயில்னாலும் மதிலு, சோன்னாலும் மதிலு. அந்தச் சோபட்டினத்தை ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்ன வந்த கிரேக்கன் ஒருத்தன் சோபட்மான்னு எழுதி வெச்சுட்டுப் போனான். அதுக்காக இங்க உப்பு வெளையாமப் போச்சா? பேரு பொரண்டதுல கஷ்டப்பட்டது ஒரே ஒரு ஆளுதான். கும்பகோணத்துப் பக்கம் இருக்குற பெருமாள். ஒப்பில்லாத அப்பன்னுதான் பேரு. 'ஒ' போயி 'உ' ஆச்சு, உப்பிலியப்பன். உப்பில்லாதவன்னு ஆனதுக்கு ஏத்த மாதிரி இன்னிக்கு வரைக்கும் அந்தச் சாமிக்குப் படைக்கிற எதுலயும் ஒரு கல்லு உப்பு கெடையாது. ஒரு எழுத்து மாறினதுக்குப் பகவான் பத்தியச் சோறு சாப்புடுறாரு. உப்பளத்துக்காரனுக்கு இத்தவிட வயித்தெரிச்சல் உண்டா சொல்லு.

மருமவளே, வந்துட்டியா. இப்ப என் முடிவைச் சொல்றன்.

கொழந்தைக்குக் குப்பம்மாள்னு வைங்க.

சிரிக்காதீங்க. எங்கம்மா பேரு. அவங்களுக்கு முன்ன பொறந்த ரெண்டும் தங்கல. மூணாவது பொறந்ததும் எங்க பாட்டி புள்ளையைக் கொண்டுபோயி குப்பைமேட்டுல போட்டுட்டா. அதுக்குன்னு சொல்லி வெச்சிருந்த பக்கத்து வூட்டு அம்மா எடுத்தா. அவங்ககிட்ட ஒரு மரக்கா தவிடு குடுத்து வெலைக்கு வாங்கினாங்க. இது எங்க புள்ள இல்ல, குப்பையில கெடந்தது, தவிட்டுக்கு வாங்கினதுன்னு எமனுக்குக் கணக்குக் காட்டுறது. எமனும் ஏமாந்தான், எண்பத்தாறு வயசு இருந்தாங்க. இந்தக் கணக்குலதான் குப்பன், குப்புசாமி, மண்ணாங்கட்டி, பிச்சைன்னு வந்த பேருங்க அத்தினியும். கூகுள் கம்பெனித் தலைவரு சுந்தர் பிச்சை பேர்ல இருக்குற பிச்சைக்கு எந்த நாட்டுல சிவப்பு அடிப்ப? நீங்க எல்லா நாட்டுலயும் நல்ல அர்த்தம் வர்ற பேரா தேடுறீங்க. எங்க ஆளுங்க சொந்த ஊர்லயே கேவலமான அர்த்தம் வர்ற பேரா தேடிப் புடிச்சாங்க. அவங்க வேலை ஒரு நாள்ல முடிஞ்சுது.

ஜெர்மனிக் கட்டத்துல குப்பம்மாளுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் இல்ல, பையனைத் தேடிப் பாக்கச் சொன்னன். பச்சை.

முடியாதுன்றியா. தெரியும். உப்பு வித்த காலத்துலருந்து நான் இப்புடித்தான். வாங்க வர்றவன்கிட்ட மூட்டைக்கு மேல ஒரு வெலைய மொதல்ல சொல்லி அவன் மூஞ்சி போற போக்கைப் பாத்துட்டு, அப்பறம்தான் என் வெலைக்கு வருவன்.

உன் ஷீட்டுல முப்பத்தி மூணாவது வரிய எடு. கயல். நீயே எழுதினதுதான். கெண்டை மீனு, 'க'வுல ஆரம்பிக்குது, திருவாதிரைக்குப் பொருந்துது, ங பக்கம் போவ வேணாம். ஜெர்மனிக் கட்டத்துல மஞ்சள் அடிச்சு, பக்கத்துல கேள்விக்குறி வெச்சிருக்க. ஏன்னா அங்க கடையில விக்கிற கண் மைக்கு காயல்னு சொல்றாங்களாம். வடக்கத்திக் காஜல்தான், அவன் வாய்ல 'ஜ' வராம 'ய' ஆயிடுச்சு. இங்க கூப்புட்டா மீனு, அங்க கூப்புட்டா மை. நம்மாளுங்க மீன் மாதிரி கண்ணுன்னுதான் கயல்விழின்னு வெச்சாங்க. அவன் அந்தக் கண்ணுக்கு மை தீட்டிட்டான். மருமவளே, கேள்விக்குறி எதுக்கு?

ஒரு சங்கடம் மட்டும் மறைக்காமச் சொல்லிடுறன். எதிர்ப்பு உங்கத்தைகிட்டருந்து வந்துச்சு. கீரையைக் கீழ போட்டுட்டு, "கயலா? சீரியல்ல அந்தப் பொண்ணு அழுவாத நாளு ஒண்ணு காட்டுங்க"ன்னா. பதினோரு நாட்டைத் தாண்டி வந்த பேரு நம்ம வூட்டு டி.வி. பொட்டிகிட்ட மாட்டிக்கிச்சு. சிவப்பு அடிக்கிறதா மஞ்சள் அடிக்கிறதான்னு நீங்க ரெண்டு பேரும் அவகிட்டயே பேசிக்குங்க. எனக்கு அந்தத் தெம்பு இல்ல.

பதிவு ஆபீஸுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்குது. கயல் பாவாடைன்னு எழுதிக் காட்டி எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நாளைக்கு உப்பு வார்ற நாளு, விடியக்காலம் மூணு மணிக்கே டார்ச்சு எடுத்துக்கிட்டு அளத்துக்குப் போயிடுவன். அப்ப உங்களுக்கு ராத்திரி பதினொண்ணரை, கொழந்தை எப்புடியும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அந்நேரத்துக்கு வெயில் இருக்காது, போன்ல மொகம் தெளிவாத் தெரியும். கூப்புடு.